புயல் அடிக்கும் ஊரில் எந்தக் கூரை போடுவது?

கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ வேதாரண்யத்திலோ முதன்முதலாக வீடு கட்டப் போகிறவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "ஓடா, ஷீட்டா, தளமா?" என்பதுதான். கடைக்காரரும் அதற்குத்தான் பதில் வைத்திருப்பார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்துபோன பிறகு டெல்டாப் பக்கம் வயல்களில் கிடந்த கூரைகளைப் பார்த்தவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். பல இடங்களில் ஷீட் கிழியவே இல்லை. அடியிலிருந்த இரும்புச் சட்டத்தோடு, ஸ்க்ரூகூடக் கழலாமல், முழுசாகப் பறந்துபோய் விழுந்திருந்தது. ஷீட் நல்ல ஷீட்தான். அந்தச் சட்டத்தைச் சுவரோடு பிடித்து வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, கூரைப் பொருளைப் பற்றி. மீதிப் பாதி, அதைக் கட்டி வைப்பதைப் பற்றி. இரண்டாவதைப் படிக்காமல் முதலாவதை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம்.

முதலில் உங்கள் ஊர்க் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டடங்களின் மீது காற்று எவ்வளவு மோதும் என்பதற்கு இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட விதி ஒன்று இருக்கிறது: ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். அதில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கி.மீ. சில நொடிகள் மட்டும் ஓங்கி அடிக்கும் வீச்சின் கணக்கு இது. செய்தியில் "மணிக்கு 120 கி.மீ." என்று சொல்வது சில நிமிடச் சராசரி, நடுநடுவே வரும் வீச்சு அதைவிட அதிகம்.

வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். 140-க்கும் 180-க்கும் வித்தியாசம் பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் கூரை மேல் விழும் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே கோயம்புத்தூரில் மச்சான் வீட்டு மாடியில் போட்ட ஷெட் பத்து வருஷமாக அசையவில்லை என்பது கடலூரில் கட்டுகிற உங்களுக்கு எந்த அத்தாட்சியும் இல்லை.

அதே ஊருக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறும். உப்பளம், வயல்வெளி, கடற்கரை என்று எதிரே தடுப்பே இல்லாத மனைக்குக் காற்று முழு வேகத்தில் வந்து சேரும். நெருக்கமான தெருவுக்குள் இருக்கும் தரைத்தள வீட்டுக்கு அவ்வளவு வராது. மொட்டை மாடியில் போடும் ஷெட்டுக்கு, தெருவில் இருந்தாலும் வெட்டவெளிக் கணக்குத்தான்.

காற்றோடு மழையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் கடலூர்ப் பக்கம் கரையேறிய 'தானே' புயல் முக்கியமாகக் காற்றால் அடித்தது. 2024 நவம்பர் 30-ல் வந்த ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 40 செ.மீ. மழை விழுந்தால் 37,000 லிட்டர் தண்ணீர். கூரை பறக்கவும் கூடாது, இந்தத் தண்ணீரை வீட்டுக்குள் விடவும் கூடாது.

எடையைக் கணக்குப் போடுங்கள்

பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்று சரிவான கூரையின் மேல் ஏறி ஓடும்போது அதை அமுக்குவதைவிட மேல்நோக்கி இழுப்பதுதான் அதிகம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அந்த இழுப்பு, தோராயமாக, அறை முழுவதற்கும் 630 கிலோ. 180 கி.மீ. என்றால் 1400 கிலோவுக்கு மேல். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடுதல்.

இனி எதிர்ப்பக்கம். அரை மி.மீ. இரும்பு ஷீட் போட்டால் அந்த அறைக்கு மேல் இருக்கும் எடை சுமார் 45 கிலோ. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் 130 கிலோவை ஒட்டி வரும். சீமை ஓடு 350, 400 கிலோ வரலாம், ஓட்டைத் தாங்கும் கைமரமும் அதன் மேல் குறுக்கே அடிக்கும் ரீப்பரும் தனி. 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஏறத்தாழ 3 டன்.

தளத்தைத் தவிர வேறு எந்தக் கூரையும் தன் எடையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மற்ற எல்லாமே எதிலாவது இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால்தான் நிற்கும். ஷீட் மேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. நாலு கல் வைத்தால் நாற்பது கிலோ கூடும், இழுப்பு அறுநூறு. அதுவும் அந்தக் கல் காற்றில் உருண்டு யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

கீற்று

தென்னங்கீற்றும் பனையோலையும் வெயிலுக்குச் சுகம், கைக்கு மலிவு. தென்னங்கீற்றை வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பனையோலை இன்னும் கொஞ்சம் தாங்கும். புயலில் போய்விடும், தீப்பிடிக்கும். மாட்டுக் கொட்டகைக்கும் திண்ணைப் பந்தலுக்கும் வைத்துக்கொள்ளலாம். கீற்று வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால், மேலே கயிற்று வலை போட்டு நாலு பக்கமும் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். ஆனாலும் புயல் அறிவிப்பு வந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ கிளம்பிவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ்

புதிதாகப் போடுகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

முதல் காரணம், அது வளையாது, உடையும். பறந்து வரும் ஒரு மட்டை, விழும் ஒரு தேங்காய் போதும். ஒரு ஷீட் உடைந்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்து மற்ற ஷீட்டுகளை அடியிலிருந்து தள்ளும். இரண்டாவது காரணம், ஆஸ்பெஸ்டாஸில் இருக்கும் கல்நார்த் தூசு. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஷீட் முழுசாகக் கூரையில் கிடக்கும்போது தூசு குறைவு. கிரைண்டரால் அறுக்கும்போதும், புயலில் உடைந்ததைக் கூட்டி அள்ளும்போதும்தான் அது மூச்சில் போகும்.

ஏற்கெனவே இருக்கிறது என்றால் பதற வேண்டாம். உடைந்தால் அதே ஷீட்டைத் தேடிப் போய் வாங்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வேறு கூரைக்கு மாறுங்கள். கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, முகத்தில் சரியான மாஸ்க்கோடு, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளை நொறுக்கிப் பாதைக்கு நிரவும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

இரும்பு ஷீட்

இன்றைக்குப் பெரும்பாலோர் போடுவது இதுதான். கலர் ஷீட், கூலிங் ஷீட் என்று கடைக்குக் கடை ஒரு பெயர். பெயரை விட்டுவிட்டு நாலு விஷயத்தைப் பாருங்கள்.

கனம். கடலோரத்தில் 0.50 மி.மீ.க்குக் குறைந்து வீட்டுக்குப் போடாதீர்கள். "பாயின்ட் ஃபைவ்" என்று கடையில் சொன்னால், அது பெயின்ட்டும் பூச்சும் சேர்ந்த கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் விலை வேறு, பலமும் வேறு. மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் கடையில் உங்கள் கண் முன்னாலேயே அளக்கச் சொல்லலாம். பில்லிலும் அந்தக் கனத்தை எழுதி வாங்குங்கள்.

பூச்சு. சாதாரண ஜி.ஐ. ஷீட்டில் துத்தநாகம் மட்டும். கால்வால்யூம் என்பதில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். உப்புக்காற்றுக்கு இது மேல். ஏ.இசட். 150 என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. கடலலை காதில் விழும் தூரத்தில் வீடு என்றால் அலுமினிய ஷீட்டைப் பற்றியும் விசாரியுங்கள். துரு ஏறாது, ஆனால் இரும்பைவிட மெத்து; சட்டத்தை நெருக்கமாகப் போட வேண்டும்.

ஸ்க்ரூ. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை 1974 கிறிஸ்துமஸ் நாளில் டிரேசி என்ற புயல் தரைமட்டமாக்கியது. பிறகு ஆராய்ந்தபோது தெரிந்தது, ஏராளமான தகரக் கூரைகளை ஒரே ஒரு பெரிய வீச்சு பிய்த்துப் போடவில்லை என்பது. காற்று விட்டு விட்டு ஷீட்டை மேலும் கீழும் அசைத்ததில், கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவது போல, ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு விரிசல் விட்டு, ஸ்க்ரூ இருந்த இடத்தில் இருக்க, ஷீட் மட்டும் கழன்று போயிருக்கிறது. அதன் பிறகுதான் அங்கே ஸ்க்ரூத் தலைக்கு அடியில் அகலமான வாஷர் வைப்பது பரவியது. நீங்களும் சின்ன வாஷரோடு வரும் ஸ்க்ரூவை வாங்காமல், அகல வாஷர் கேட்டு வாங்குங்கள். ஷீட்டின் ஓரம், முகடு, இறவாணம் (கூரையின் கீழ்நுனி) மூன்றிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ. நடுப்பகுதியில் ஒன்று விட்டு ஒன்று போதும்.

முறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்க்ரூ ஷீட்டுக்கு நேர்செங்குத்தாக இறங்க வேண்டும். இரும்பு வாஷரின் விளிம்பில் கறுப்பு ரப்பர் கோடு மாதிரி லேசாகத் தெரிந்தால் சரியான இறுக்கம். ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் மெஷினை அதிகமாக அழுத்திவிட்டார் என்று அர்த்தம். இரண்டு கோடை கழித்து அந்த ரப்பர் வெடித்து, அங்கேதான் ஒழுகும். ரப்பர் அசைந்து சுற்றினால் இறுக்கம் போதவில்லை. வேலை முடிந்த அன்று மாலை ஷீட் மேல் கிடக்கும் இரும்புத் தூளைத் துடைப்பத்தால் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் அது துருப்பிடித்துப் பூச்சைத் தின்ன ஆரம்பிக்கும்.

சட்டம். ஷீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் பர்லின்களை நடுவில் 4 அடிக்கு ஒன்று, இறவாணத்தையும் முகட்டையும் ஒட்டி 3 அடிக்கு ஒன்று என்று வையுங்கள். செலவைக் குறைக்க வெல்டர் முதலில் கைவைக்கும் இடம் இதுதான்.

வெப்பத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுங்கள். அடியில் சீலிங் போட்டால் இன்னும் நல்லது. அடர் சிவப்பும் நீலமும் படத்தில் அழகாக இருக்கும். சித்திரை மதியம் உள்ளே உட்கார முடியாது.

ஓடு

சீமை ஓட்டு வீடு நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழக்கப்பட்டது. புயலில் அதன் பலவீனம் ஒன்றுதான்: ஒவ்வொரு ஓடும் தனித்தனி. இறவாணத்தில் முதல் வரிசையில் ஒரு ஓடு எழும்பினால் அந்த இடைவெளியில் காற்று புகுந்து அடுத்ததை எழுப்பும், அப்படியே மேலே போகும். ஆகவே இறவாண வரிசை, முகட்டு வரிசை, இரு பக்க ஓரங்கள் இவற்றைச் சிமென்ட் கலவையால் பூசிப் பிடிக்க வேண்டும். நடுவே 4 அடிக்கு ஒன்றாகக் கீழிருந்து மேலாகக் கலவைப் பட்டை கட்டினால் கூரை முழுவதும் ஒரே துண்டாகும். ஓரத்து ஓடுகளை ரீப்பரோடு கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். சீமை ஓட்டின் அடிப்புறக் குமிழில் அதற்காகவே துளை விட்டிருப்பார்கள்.

கூரை முழுவதையும் பூசிவிடலாமே என்று கேட்பார்கள். பூசினால் உடைந்த ஒரு ஓட்டை மாற்ற நாலு ஓட்டை உடைக்க வேண்டிவரும். நாட்டு ஓடு சின்னது, கவிழ்த்து மல்லாத்தி அடுக்குவது, கட்ட வழியே இல்லை. கடலோரத்தில் புதிதாகப் போட அது தோதுப்படாது. ஓட்டுக்கூரையில் உண்மையான செலவு மரத்தில்தான். கரையான் அரித்த கைமரத்தில் என்ன கட்டினாலும் பயனில்லை. பழைய ஓட்டு வீட்டை வாங்குகிறவர்கள், சுவரில் பதிந்திருக்கும் மரத்தின் நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த மரம் போனது.

தளம்

காற்றுக்குத் தளத்தை மிஞ்சியது இல்லை. 3 டன்னைக் காற்று தூக்காது, தென்னைமரம் விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அதன் எதிரி வேறு: உப்பு.

கடலோரத்தில் இருபது வருஷத் தளங்களை அண்ணாந்து பாருங்கள். அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி கோடு கோடாகத் தெரியும். உப்பு கம்பியை எட்டியதும் துரு ஊதி, கான்கிரீட்டைத் தள்ளி விடுகிறது. அதைத் தள்ளிப்போடக் கட்டும்போதே சில காரியங்கள் செய்யலாம். கலவைக்கு உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீர் லாரியில் வரவழைத்தாலும் பரவாயில்லை. கடற்கரை மணலைத் தொடவே கூடாது. கம்பிக்கு அடியில், அதைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் நாள் காலையில் குனிந்து பாருங்கள். உடைந்த ஜல்லியைச் செருகியிருந்தால் வேலையை நிறுத்துங்கள். உள்நாட்டில் தளத்துக்கு 20 மி.மீ. மூடுகனம் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதும் என்றால், கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 கேட்பது 45 மி.மீ., கான்கிரீட்டின் பலத் தரமும் எம்30. அதற்கேற்பத் தளத்தின் கனமும் கம்பியும் மாறும். இந்த ஒரு விஷயத்துக்காவது பொறியாளர் ஒருவரிடம் காசு கொடுத்து வரைபடம் வாங்குங்கள், மேஸ்திரியின் கைக்கணக்கு போதாது.

கான்கிரீட் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். குறைந்தது 7 நாள். இப்போது கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு 10 நாள்.

அடுத்தது மழைத் தண்ணீர். மாடியில் தட்டோடு பதிக்கும்போதே நூறு அடிக்கு ஒரு அடியாவது வாட்டம் (சரிவு) வேண்டும். நாலு அங்குலக் குழாய் ஒன்றுக்கு 400 சதுர அடிக்கு மேல் விடாதீர்கள்; 1000 சதுர அடிக்கு மூன்று குழாய். பெரும்பாலான வீடுகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதிலும் ஒன்று வேப்பிலையால் அடைத்திருக்கும். அப்புறம் கைப்பிடிச் சுவரில் தளத்துக்கு ஒரு சாண் மேலே ஒரு துளை விட்டு வையுங்கள். எல்லாக் குழாயும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அது வழியாகப் போகும், மாடி குளமாகாது.

பணம் முழுசாக இல்லை என்றால்

கடலோரத்தில் கட்டுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: ஒரு அறையாவது தளமாக இருக்கட்டும். பத்துக்குப் பத்து போதும், குடும்பம் முழுவதும் ஒரு ராத்திரி அதற்குள் இருந்துகொள்ளலாம். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அந்த அறையில். மற்ற பகுதிக்கு ஷீட்டோ ஓடோ போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் காசு சேரும்போது தளத்தை நீட்டலாம். அதற்காக முதல் அறையின் பீம் ஓரத்தில் கம்பியை வெளியே விட்டு, துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் பூசி வையுங்கள். 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை, உதவித்தொகை 3.50 லட்சம் ரூபாய். குடிசையில் இருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கூரையின் வடிவம்

சரிவுக்கூரை போடுகிறவர்கள் படுக்கையாக வைத்தால் காற்றின் இழுப்பு கூடும். 22 முதல் 30 டிகிரிச் சரிவு நல்லது. ஆசாரியிடம் டிகிரியில் சொன்னால் சிரிப்பார். ஒரு அடிக்கு 5 முதல் 7 அங்குலம் ஏற்றம் என்று சொல்லுங்கள். இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கமும் சரிந்த கூரை காற்றில் நன்றாக நிற்கும், முக்கோணச் சுவர் விழும் ஆபத்தும் இல்லை.

இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். வெயிலுக்கும் சாரலுக்கும் மூன்றடி நீட்டினால் நல்லது என்று தோன்றும், ஆனால் காற்று பிடித்துத் தூக்குவது அந்த நுனியைத்தான். முன்பக்கச் சாய்ப்பு வேண்டுமா, அதைத் தனிக்கூரையாக, வீட்டுக்கூரைக்குக் கீழே தனிச் சட்டத்தில் போடுங்கள். போனால் அது மட்டும் போகும்.

கதவும் ஜன்னலும் கூரையோடு சேர்ந்தவைதான். காற்று வரும் பக்கக் கதவு உடைந்தால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்து தள்ளும், வெளியே மேலிருந்து இழுக்கும், இரண்டும் சேர்ந்துவிடும். வாசல் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வையுங்கள். புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிக்கும் என்பதால் கொல்லைப்புறக் கதவுக்கும் அதே கவனம் வேண்டும்.

கட்டு

இதைத்தான் முக்கியம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஷீட்டைப் பர்லின் பிடிக்க வேண்டும். பர்லினை ட்ரஸ்ஸோ (இரும்பு முக்கோணச் சட்டம்) கைமரமோ, அதைச் சுவரின் உச்சி, சுவரின் உச்சியை அஸ்திவாரம் வரை உள்ள எடை. எது விட்டுப்போனாலும் அதற்கு மேலே உள்ளது மொத்தமும் பறக்கும்.

சுவரின் உச்சியில் நாலு பக்கமும் சுற்றிவரும் கான்கிரீட் பெல்ட் ஒன்று போடுங்கள். கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் லின்டல் பெல்ட் இருந்தால் போதும் என்று சிலர் மிச்சம் பிடிப்பார்கள். சரிவுக்கூரைக்குச் சுவர் உச்சியில் இந்தப் பெல்ட் தனியாக வேண்டும். பெல்ட் போடும்போதே 12 மி.மீ. போல்ட்டுகளை, அடிநுனியை வளைத்துப் பெல்ட்டின் கீழ்க்கம்பிக்கு அடியில் கொக்கியாக மாட்டி, நட்டு வைக்க வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு துளை போட்டு அடிப்பது அந்த அளவுக்குப் பிடிக்காது. பெல்ட் இல்லாத பழைய சுவரில் மேல் இரண்டு வரிசைச் செங்கலுக்குள் மட்டும் போல்ட்டைப் பதித்தால், புயல் அந்தச் செங்கல்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். அங்கே சுவரின் இரு பக்கமும் இரும்புப் பட்டையை ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இறக்கி, சுவர் வழியாக போல்ட் போட்டு முடுக்குவதுதான் வழி.

பர்லினில் ஷீட்டை மாட்ட ஜே போல்ட் போடுவது வழக்கம். பலமாக இழுத்தால் அதன் வளைவு நிமிர்ந்துவிடும். இரண்டு காலும் மேலே வரும் யூ போல்ட் அப்படி நிமிராது. கடலோரத்தில் ஓரப் பர்லின்களுக்காவது யூ போல்ட் கேளுங்கள். மரக்கூரையில் வெறும் ஆணியை நம்ப வேண்டாம். ஆணி மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். கைமரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு பக்கவாட்டில் ஸ்க்ரூ அடிக்க வேண்டும்.

மொட்டை மாடி ஷெட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரங்களில் அடுத்த வீட்டுக்காரர் தலையில் போய் விழுவது அவைதான். பைப் கால்களைக் கைப்பிடிச் சுவர் மேல் நிறுத்தி, இரண்டு சின்ன போல்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாலரை அங்குலச் சுவரால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது. கால் நேராகத் தூண் அல்லது பீம் இருக்கும் இடத்தில் இறங்க வேண்டும், அடித்தகட்டுக்கு நாலு ஆங்கர் போல்ட் வேண்டும். தரையில் நிற்கும் கார் ஷெட் என்றால் ஒவ்வொரு காலுக்கும் 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழக் கான்கிரீட் போடுங்கள். அப்படி ஒரு கட்டி அரை டன்னுக்கு மேல் எடை, நாலும் சேர்ந்தால் 2 டன். பத்துக்குப் பத்து ஷெட்டின் 1400 கிலோ இழுப்புக்கு அது ஈடு கொடுக்கும். ஷெட் பெரிதானால் கட்டியும் பெரிதாக வேண்டும்.

மரம்

கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வீடுகளின் மேல் தென்னை விழுந்து உண்டான சேதம் கொஞ்சநஞ்சம் இல்லை. மனை பார்க்கும்போதே மரங்களின் உயரத்தையும் வீட்டுக்கு உள்ள தூரத்தையும் பாருங்கள். மரம் விழும் எல்லைக்குள் படுக்கையறை வந்தால் அந்த அறைக்குத்தான் தளம். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. புரட்டாசியிலேயே காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள்.

பில்லும் ஆளும்

ஷீட்டின் கனம், பூச்சு, ஸ்க்ரூவின் வகை, பர்லின் இடைவெளி, போல்ட்டின் எண்ணிக்கை: இந்த ஐந்தையும் வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி, வெல்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் குறைவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத போல்ட்டும் பர்லினும்தான். முன்பணம், ஷீட் இறங்கியதும் ஒரு பகுதி, கட்டெல்லாம் பார்த்த பிறகு மீதி என்று பிரித்துக் கொடுங்கள். ஷீட் மேலே ஏறுவதற்கு முன்பே போல்ட்டுகளைப் போய்ப் பார்த்துவிட வேண்டும், ஏறிய பிறகு எதுவும் தெரியாது.

மழைக்காலத்துக்கு முன்னும் புயலுக்குப் பின்னும்

ஆவணி, புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி மேலே ஏறிப் பாருங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவை அதே துளையில் இன்னும் ஒரு சுற்றுப் பெரியதாக மாற்றுங்கள். ரப்பர் வெடித்த வாஷர், நகர்ந்த ஓடு, விரிசல் விட்ட முகட்டுப் பூச்சு, அடைத்த குழாய் எல்லாம் அன்றே முடித்துவிட வேண்டும். நவம்பரில் அறிவிப்பு வந்த பிறகு கூப்பிட்டால் எந்த ஊரிலும் வெல்டர் கிடைக்க மாட்டார்.

புயல் அறிவிப்பு வந்ததும் மாடியில் உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை வழிய நிரப்புங்கள். காலித் தொட்டி உருண்டு போகும், 1000 லிட்டர் நிறைந்த தொட்டி ஒரு டன். டிஷ் ஆன்டெனா, பூந்தொட்டி, கழற்றி வைத்த பழைய ஷீட் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்.

ஓய்ந்த பிறகு கூரையில் ஏறுவதற்கு முன், அறுந்த மின்கம்பி எதுவும் ஷீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தும்வரை சுவரைக்கூடத் தொட வேண்டாம். இரும்பு ஷீட்டில் நடக்கும்போது ஸ்க்ரூ வரிசை மேலேயே நடங்கள், அடியில் பர்லின் இருப்பது அங்கேதான். ஆஸ்பெஸ்டாஸ் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள்; இரண்டு பர்லினை எட்டும் பலகையைப் போட்டு அதன் மேல் நடங்கள்.